வீட்டில் மௌனம், அலுவலகத்தில் கேலி: விசுவாசத்தில் எப்படி நிற்பது?

கேள்வி: எனக்கு வயது 31. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். கிறிஸ்தவரல்லாத குடும்பத்தில் பிறந்தவள். என் சொந்த முடிவில் இயேசுவை ஏற்றுக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றேன். அன்று முதல் அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா, "எங்களை விட்டுட்டியே" என்று அழுகிறார். அலுவலகத்தில், "எவ்வளவு கொடுத்தாங்க?" என்று சிரிக்கிறார்கள். புதிதாக வந்த மேலாளர், நான் கவனித்துவந்த வாடிக்கையாளர் பொறுப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார். "உன்ன மாதிரி ஆளுங்கள வெளிய அனுப்பினா மதம் பேசுவீங்க" என்று பலர் முன்னிலையில் சொன்னார். சென்ற மாதம் மதிய உணவு வேளையில் ஒருவர், "இன்னும் சர்ச்சுக்கெல்லாம் போறியா?" என்று கேட்டபோது, "எப்பவாவது" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். நானோ ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் போகிறவள். பேதுருவைப் போல மறுதலித்துவிட்டேனே என்று அன்றிலிருந்து தூக்கமில்லை. சபையிலுள்ள மூத்த சகோதரி ஒருவர், "உபத்திரவம் வருவதே நீ சரியான வழியில் இருப்பதற்கு அடையாளம், வீட்டைவிட்டு வந்துவிடு, இல்லாவிட்டால் வெதுவெதுப்பாகிவிடுவாய்" என்கிறார். வீட்டில் வழிபாடு நடக்கும்போது உடன் நிற்பதா, அறைக்குள் போய்விடுவதா என்றும் தெரியவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நான் தினமும் வைக்கும் வசனத்தை எடுத்துவிடச் சொல்கிறாள் தங்கை. எடுத்தால் அதுவும் மறுதலிப்பாகுமா? உறுதியாக நிற்பது என்றால் நான் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவின் மௌனம், உடன் பணிபுரிவோரின் கேலி, மேலாளரின் பாரபட்சம் ஆகிய மூன்றையும் நீங்கள் உபத்திரவம் என்ற ஒரே பெயரில் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு எழுந்த முதல் கவலை. மேய்ப்புப்பணி ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் இப்படிச் செய்கிறார்கள். அப்படிக் கட்டிவிட்டால் என்ன ஆகிறதென்றால், அப்பாவோடு போராடவும் மேலாளரைச் சகித்துக்கொள்ளவும் தோன்றுகிறது. நடக்க வேண்டியதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அப்பா விஷயத்தில் உங்களுக்கு நீண்ட பொறுமை வேண்டும். மேலாளர் விஷயத்தில் தெளிவான, எழுத்துமூலமான முறையீடு வேண்டும். கேலிக்குப் பெரும்பாலும் ஒரு வாக்கியம் போதும்.

ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த "எப்பவாவது" என்ற ஒற்றைச் சொல். அது தீராமல் மற்றவை காதில் ஏறா என்பதால் முதலில் அதை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்னது பொய்தான். அதைச் சிறிதாக்கிக் காட்டி உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. அதே வேளையில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு செய்ததோடு அதை ஒப்பிட்டுப் பெரிதாக்குவதிலும் பயனில்லை. அவர் "அந்த மனுஷனை அறியேன்" என்று மூன்று முறை சொன்னார், சபிக்கவும் சத்தியம்பண்ணவும் செய்தார். அப்படிப்பட்டவரையே உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் கரிநெருப்புக்கு அருகே உட்காரவைத்து, உணவு கொடுத்து, "என்னை நேசிக்கிறாயா" என்று மும்முறை கேட்டு, ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைக் கொடுத்தார். அன்று இரவு ஏன் அப்படிச் சொன்னாய் என்ற விளக்கத்தை அவர் கேட்டதாகச் சுவிசேஷத்தில் ஒரு வரிகூட இல்லை.

திருச்சபை வரலாற்றிலும் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டேசியஸ், குடிமக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்கான சான்றிதழைப் பெற வேண்டும் என்று ஆணையிட்டான். எகிப்தின் மணலில் அத்தகைய சான்றிதழ்கள் பல பாப்பிரஸ் தாள்களில் இன்றைக்கும் கிடைத்துள்ளன. அதிகாரிகள் முன்னிலையில் பலியிட்டேன், பானபலி ஊற்றினேன், பலிப்பொருளைச் சுவைத்தேன் என்று ஒரே பாணியில் எழுதிக் கையொப்பமிட்ட மனுக்கள் அவை. கிறிஸ்தவர்களில் சிலர் உயிர்விட்டார்கள்; பலர் பலியிட்டார்கள்; இன்னும் சிலர் பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். அலை ஓய்ந்தபின் இவர்களை என்ன செய்வது என்ற கேள்வி சபையைப் பிளக்கும் அளவுக்குப் போனது. ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்றது ரோமில் நோவேஷியன் என்ற குருவின் தரப்பு. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயர் சிப்ரியன் தலைமையில் 251இல் கூடிய ஆயர்களோ, மனந்திரும்புதலின் காலத்துக்குப் பின் அவர்கள் திரும்பி வரலாம் என்ற வழியைத் திறந்தார்கள், பெருவாரியான திருச்சபையும் அந்த வழியிலேயே போனது. உயிர் போகும் அச்சத்தில் தவறியவர்களுக்கே கதவு திறந்திருந்ததென்றால், சாப்பாட்டு மேசையில் தடுமாறிய உங்களுக்கு அது மூடியிருக்கிறது என்று எண்ண எந்த முகாந்தரமும் இல்லை.

திருத்துவதற்கு வழி எளியது. அதே நபரை அடுத்த முறை பார்க்கும்போது, சாதாரணக் குரலில், "அன்னிக்கு எப்பவாவதுன்னு சொன்னேன்ல, உண்மையில நான் ஒவ்வொரு வாரமும் போறேன்" என்று சொல்லிவிடுங்கள். அதற்குமேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடலாம். போகட்டும்; உங்கள் கணக்கு நேராகிவிட்டது.

கேலியைப் பற்றிச் சொல்கிறேன். ரோமில் பாலட்டைன் குன்றில், அரண்மனைப் பணியாளர்களுக்கான பயிற்சிக்கூடமாக இருந்ததாகக் கருதப்படும் ஒரு கட்டடத்தின் சுவரில், கூர்மையான ஏதோ ஒன்றால் கீறப்பட்ட கிறுக்கல் ஒன்று 1857இல் கண்டெடுக்கப்பட்டது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம் தொங்குகிறது. கீழே நிற்கும் இளைஞன் ஒருவன் அதை நோக்கிக் கையை உயர்த்தியிருக்கிறான். பக்கத்தில் கோணல்மாணலான கிரேக்க எழுத்துகளில், அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று எழுதியிருக்கிறது. உடன் வேலை செய்த யாரோ, ஓய்வு நேரத்தில், சிரித்துக்கொண்டே கீறிய கேலி அது என்பது பார்த்தவுடன் தெரியும். அடுத்த அறையில் வேறொரு கையெழுத்தில், அலெக்சாமெனோஸ் விசுவாசமுள்ளவன் என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது அவனா, அவன்மேல் அன்புள்ள வேறொருவரா என்பது சுவரில் இல்லை. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைக் கடவுள் என்று சொல்வது அன்றைய உலகத்துக்கு எவ்வளவு நகைப்புக்குரியதாக இருந்தது என்பதற்குக் கைக்கெட்டும் சான்று அந்தச் சுவர். உங்கள் அலுவலகத்தில் எழும் சிரிப்புக்கு ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டு வயது. அது உங்களைத் தனியாகத் தேடி வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"எவ்வளவு கொடுத்தாங்க?" என்ற கேள்வி வெறும் கேலிக்குச் சற்று மேற்பட்டது. வயதுவந்த ஒரு பெண் யோசித்து, தேடி, ஒரு முடிவுக்கு வர முடியாது, யாரோ விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்க வேண்டும் என்ற அனுமானம் அதற்குள் இருக்கிறது. அது உங்கள் விசுவாசத்தை இழிவுபடுத்துவதற்கு முன்பே உங்கள் அறிவை இழிவுபடுத்துகிறது. கோபம் வந்தால் அது பாவம் என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள். பதில் சொல்லும்போது மட்டும் கோபத்தை முன்னே அனுப்பாதீர்கள். "யாரும் எதுவும் கொடுக்கல. எப்படி நம்பினேன்னு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னா ஒருநாள் உட்கார்ந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அவர்களில் ஒருவர் பின்னொரு நாள் தனியாக வந்து கேட்டால், அப்போது சொல்ல வேண்டியதைச் சாந்தத்தோடு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பதே பேதுருவின் முதலாம் நிருபம் தரும் ஆலோசனை. விசாரித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அங்கே கட்டளை இருக்கிறது. சிரிப்பதற்காகக் கேட்கிறவர்கள் அத்தனை பேருக்கும் சொற்பொழிவாற்றும் கடமையை யாரும் உங்கள் தலையில் ஏற்றவில்லை.

இயேசுவே இந்த வேறுபாட்டைக் கடைப்பிடித்தார். வேடிக்கை பார்க்க விரும்பிப் பல கேள்விகளைக் கேட்ட ஏரோதுக்கு அவர் ஒரு பதிலும் சொல்லவில்லை. பிலாத்துவிடம் சில கேள்விகளுக்குப் பேசினார், சிலவற்றுக்கு மௌனமாக இருந்தார். கன்னத்தில் அறைந்த சேவகனிடம், நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் அதை நிரூபி, நான் பேசியது சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று நேராகக் கேட்டார். யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்ற மனிதனையும் நினைத்துப் பாருங்கள். மதத்தலைவர்கள் அவனைத் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். இயேசு பாவியா இல்லையா என்ற கேள்விக்கு, அது எனக்குத் தெரியாது என்கிறான். நான் குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான் என்கிறான். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்து நிற்கிறான். சக ஊழியர் ஒருவர் இணையத்தில் படித்துவந்து கேட்கும் ஒவ்வொரு தர்க்கத்துக்கும் உங்களிடம் பதில் இல்லாததால் உங்கள் விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டதாக எப்போதாவது தோன்றினால், இந்த மனிதனின் சாட்சியத்தை வாசியுங்கள்.

மேலாளர் விஷயம் முற்றிலும் வேறு. பொறுப்பைப் பறித்தது உங்கள் பிழைப்பைத் தொடும் செயல். அதற்கான காரணத்தையும் அவர் தம் வாயாலேயே பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். இதைப் பொறுத்துக்கொள்வதே கிறிஸ்தவப் பண்பு என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். பவுல் அப்படி நினைக்கவில்லை. பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் ரகசியமாக விடுதலை செய்ய அதிகாரிகள் ஆளனுப்பியபோது, ரோமக் குடியுரிமை உள்ள எங்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டார். எருசலேமில் வாரினால் கட்டப்பட்ட நிலையில், தண்டனைத் தீர்ப்பில்லாமல் ரோமனை அடிப்பது சட்டத்துக்கு உட்பட்டதா என்று நூற்றுக்கு அதிபதியைக் கேட்டார். கடைசியில் இராயனுக்கே, அதாவது ரோமப் பேரரசனிடமே, அபயமிட்டு மேல்முறையீடு செய்தார். கிறிஸ்துவுக்காக அடிபட ஆயத்தமாக இருந்த அதே மனிதர்தான், தமக்கிருந்த சட்ட உரிமையையும் கூச்சமின்றி எடுத்துப் பயன்படுத்தினார்.

உங்களுக்கும் உரிமை உண்டு. 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு, சமயத்தைத் தேர்ந்துகொள்ளவும் மாற்றிக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் உள்ள சுதந்திரத்தைச் சொல்கிறது. வேலையில் மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1958ஆம் ஆண்டின் 111ஆம் உடன்படிக்கை விலக்குகிறது. நடைமுறையில் எது முதற்படி என்றால், அந்தப் பேச்சு எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன சொற்களில், யார் யார் முன்னிலையில் நடந்தது என்பதை மறந்துபோகும் முன் இன்றைக்கே எழுதிவையுங்கள். பிறகு மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "இன்ன தேதியிலிருந்து இன்ன வாடிக்கையாளர் பொறுப்பு என்னிடமிருந்து மாற்றப்பட்டுள்ளது. என் பணியில் குறை ஏதும் இருப்பின் அதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற அளவில் அது இருந்தால் போதும், மதம், வசனம், புண்பட்ட மனம் எதுவும் அதில் வர வேண்டாம். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் பொருந்தாவிட்டாலோ, அந்தக் குறிப்போடும் மின்னஞ்சலோடும் மனிதவளப் பிரிவுக்குப் போங்கள். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால், உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

அதற்கு முன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர்களிடம் வேலை நேரத்தில் நீங்கள் மதம் பேசியதுண்டா? உங்கள் கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. பேசியிருந்தால் அதை மறைக்காதீர்கள். அது நிறுவனம் நியாயமாகவே ஆட்சேபிக்கக்கூடியது, இனிச் செய்யமாட்டேன் என்று சொல்ல வேண்டியது. கொலைபாதகனாகவோ, திருடனாகவோ, அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனாகவோ பாடுபடாதிருங்கள், கிறிஸ்தவனாகப் பாடுபட்டால் வெட்கப்படாதிருங்கள் என்று பேதுரு எழுதும்போது, கொலையையும் திருட்டையும் சொன்ன அதே மூச்சில் பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பதையும் சொல்கிறார். நம்மில் பலர் அந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். பேசவே இல்லை என்றால், தானியேலின் மேல் குற்றம் தேடியவர்களுக்கு அவருடைய அரசுப் பணியில் ஒரு குறையும் அகப்படவில்லை என்று வேதாகமம் சொல்கிறதே, அந்த நிலையில் நின்றுகொண்டு தலைநிமிர்ந்து முறையிடுங்கள்.

இனி உங்கள் அப்பா. இரண்டு ஆண்டுகளாகப் பேசாத தந்தையோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு வலி என்பதை எழுத்தில் ஆற்றிவிட முடியாது. ஆனால் அவரை எதிரி என்ற இடத்தில் வைத்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். அவர் கிறிஸ்தவர்களைக் கொன்ற பேரரசன் நீரோ அல்ல. தாம் நம்பி வளர்த்த ஒன்றை மகள் வேண்டாம் என்று தள்ளிவிட்டதாகவும், கூடவே தம்மையும் தள்ளிவிட்டதாகவும் நினைக்கும் ஒரு வயதான மனிதர். அவருடைய மௌனத்துக்குள் கோபத்தைவிடத் துக்கமே மிகுதி என்று என் அனுபவத்தில் தோன்றுகிறது. அம்மா "விட்டுட்டியே" என்று அழுவதும் அதே துக்கம்தான். அவருக்கு அதைச் சொல்ல வாய் இருக்கிறது, அப்பாவுக்கு இல்லை.

இயேசுவின் வீட்டிலும் இது நடந்தது என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. அவருக்கு மதிமயங்கிவிட்டது என்று சொல்லி அவருடைய இனத்தார் அவரைப் பிடித்துக்கொண்டு போக வந்ததாக மாற்கு 3ஆம் அதிகாரம் எழுதுகிறது. அவருடைய சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் 7ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. அவர்களுக்காக அவர் தம் ஊழியத்தை நிறுத்தவில்லை. அவர்களைத் தலைமுழுகவும் இல்லை. சிலுவையில் உயிர் பிரியும் நேரத்தில்கூடத் தாயை யார் பார்த்துக்கொள்வது என்பதை ஒழுங்குசெய்துவிட்டுத்தான் போனார். உயிர்த்தெழுதலுக்குப் பின் மேல்வீட்டறையில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்களின் கூட்டத்தில் அவருடைய தாயும் சகோதரர்களும் இருந்தார்கள். அந்தச் சகோதரர்களில் ஒருவரான யாக்கோபு பின்னர் எருசலேம் சபையின் தூணானார். உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. நடக்காமலும் போகலாம். அப்பா மனம் மாற வேண்டும் என்பதற்காகவே அவரை நேசித்தால், அந்த உள்நோக்கத்தை அவர் ஒரே வாரத்தில் கண்டுகொள்வார். பெற்றவர்களுக்கு அந்த மோப்பம் உண்டு.

தகப்பனையும் தாயையும் என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்ற வசனத்தை அந்த மூத்த சகோதரி உங்களுக்குக் காட்டியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அது உண்மையான வசனம்தான். யாருக்கு முதலிடம் என்பதில் அது சமரசத்துக்கு இடம் தரவில்லை. அப்பா பேசுவார் என்பதற்காக நீங்கள் கிறிஸ்துவை விட முடியாது. ஆனால் அதே இயேசுதான், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டுக் கைகழுவியவர்களை, பாரம்பரியத்தைக் காட்டித் தேவனுடைய கட்டளையை அவமாக்குகிறீர்கள் என்று கடிந்துகொண்டார். பக்தியின் பெயரால் பெற்றோரைக் கைவிடுவதற்கு அவரிடம் ஆதரவு தேடிப் போனால் கிடைக்காது.

ஆகவே அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பேச்சு அடைத்துப்போன வீடுகளில் காகிதம் சில நேரம் உள்ளே போகும். "அப்பா, நான் உங்களை விட்டுப் போகவில்லை. நான் நம்புவதை நம்பவில்லை என்று உங்களிடம் பொய் சொல்ல என்னால் முடியாது. பொய் சொல்லாதே என்று என்னை வளர்த்தவர் நீங்கள். உங்களுக்கு இதனால் ஏற்பட்ட வேதனை எனக்குத் தெரியும். நீங்கள் பேசும் வரை காத்திருக்கிறேன். என்றைக்கும் உங்கள் மகள்" என்ற அளவோடு நிறுத்திவிடுங்கள். வசனம் வேண்டாம், சபைக்கு அழைப்பு வேண்டாம், அவருடைய நம்பிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கடிதத்துக்குப் பதில் வராது என்று வைத்துக்கொண்டே, அவருடைய மாத்திரைகளை வாங்கி வைப்பது, வங்கி வேலையை முடித்துத் தருவது, அவர் உட்கார்ந்திருக்கும் அறையில் நீங்களும் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றைத் தொடருங்கள். அம்மாவிடம், "எதை நினைச்சு பயப்படுறீங்கம்மா?" என்று ஒருநாள் கேளுங்கள். உறவினர் பேச்சா, உங்கள் திருமணமா, தம் கடைசிக் காலத்தில் மகள் கூட நிற்பாளா என்பதா என்று தெரிந்தால், அந்த அச்சத்துக்கு நேராகப் பதில் சொல்லலாம். இப்போது நீங்கள் சமயத்தைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்; அவர் கேட்பது வேறு எதையோ என்று எனக்குப் படுகிறது.

வீட்டு வழிபாட்டின்போது நிற்பதா, விலகுவதா என்பதில் போதகர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன். உங்கள் போதகரிடமும் கலந்துகொள்ளுங்கள். பாபிலோனில் தானியேல் புதுப் பெயரை ஏற்றுக்கொண்டார், கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றார், அரசனுக்குப் பணிசெய்தார். ராஜபோஜனத்தை மட்டும் ஏற்க மறுத்தார். அதையும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து சொல்லவில்லை. பொறுப்பாளரிடம் வேண்டிக்கொண்டு, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழியையும் காட்டினார். சீரியத் தளபதி நாகமான், இனி இஸ்ரவேலின் தேவனைத் தவிர யாருக்கும் பலியிடமாட்டேன் என்று சொன்ன கையோடு, தன் கையில் சாய்ந்துகொண்டு அரசன் ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது தானும் குனிய நேரிடுவதைப் பற்றிக் கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா அவனுக்கு நீண்ட போதனை செய்யவில்லை. சமாதானத்தோடே போ என்றார். இதை வைத்து எதையும் செய்யலாம் என்று வாதிடுவது தவறு. கொரிந்தியருக்கு எழுதும்போது, விக்கிரக வழிபாட்டுக்கு விலகி ஓடுங்கள் என்று பவுல் கறாராகவே சொல்கிறார். எனவே மனிதர்களுக்காக உடன் இருப்பதையும், வழிபாட்டுச் செயலைச் செய்வதையும் பிரித்துக்கொள்ளுங்கள். வந்தவர்களை உபசரிக்கலாம், வேலைகளில் கைகொடுக்கலாம், குடும்பத்தோடு ஓர் ஓரமாக இருக்கலாம். வணங்கும் செயலில் மட்டும் சேராமல் இருக்கலாம். அதை நிகழ்ச்சியின் நடுவில், உறவினர் கண்முன் அறைக் கதவைச் சாத்திக் காட்டாதீர்கள். இரண்டு நாள் முன்பே அம்மாவிடம் தனியாக, "எல்லா வேலையும் நான் செய்றேன், கும்பிடறது மட்டும் என்னால முடியாது, அதுக்கு என்னைக் கட்டாயப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். ஓரமாக நிற்பதே உங்கள் மனச்சாட்சியை உறுத்துகிறது என்றால் நிற்க வேண்டாம். அங்கே நிற்கும் மற்றொரு விசுவாசியைக் குறைசொல்லவும் வேண்டாம்.

அந்த மூத்த சகோதரி உங்கள்மேல் அன்பில்தான் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் எதிர்ப்பு வருவதே சரியான வழிக்கு அடையாளம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தவறு செய்கிறவர்களுக்கும் எதிர்ப்பு வரும். நடத்தை சரியில்லாதவர்களுக்கு அதிகமாகவே வரும். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிமிர்னாவில் இரத்தசாட்சியாக மரித்த ஆயர் பொலிக்கார்ப்பு, தம்மைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மற்றவர்களின் வற்புறுத்தலால் ஊருக்கு வெளியே பண்ணை வீடுகளில் ஒதுங்கியிருந்தார். பிடிபட்டபின், கிறிஸ்துவை நிந்திக்கச் சொன்னபோது, 86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என் அரசரை எப்படி நிந்திப்பேன் என்று சொன்னார். அவருடைய மரணத்தை விவரிக்கும் அதே பழைய நிருபம் குவிண்டஸ் என்ற இன்னொருவனையும் குறிப்பிடுகிறது. அவன் தானே வலியப் போய்ப் பிடிகொடுத்தான், மற்றவர்களையும் தூண்டினான், கொல்வதற்காக வைத்திருந்த மிருகங்களைக் கண்டதும் அஞ்சித் தெய்வங்களுக்குப் பலியிட்டான். தாங்களாகப் போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று அந்தச் சபையார் எழுதிவைத்திருக்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியேறி உங்கள் உறுதியைக் காட்டச் சொல்லும் அறிவுரையை நான் இந்த நிருபத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

வெதுவெதுப்பு என்ற குற்றச்சாட்டும் இடம் மாறி வந்திருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட லவோதிக்கேயா சபை, நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த சபை. ஒரு சொல் பொய்யாகிவிட்டதே என்று தூக்கம் கெட்டு எழுதுகிறவரைப் பார்த்துச் சொல்லப்பட்டது அல்ல அது. ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் அடி, பூட்டிவைத்தல், கைபேசியைப் பறித்தல், விருப்பமில்லாத திருமணத்துக்கு வற்புறுத்தல் போன்றவை தொடங்கினால், அப்போது காத்திருக்காமல் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னவர் இயேசுவேதான். அதற்கென்று நம்பகமான ஒருவரிடம் இப்போதே பேசிவைப்பதும், சான்றிதழ்கள், அடையாள ஆவணங்களின் நகலை வெளியே ஓரிடத்தில் வைத்திருப்பதும் அவிசுவாசம் ஆகாது.

ஒரு மாதமாகத் தூக்கமில்லை என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்கு, தேவன் முதலில் கொடுத்தது உறக்கமும் அடையும் தண்ணீரும்தான். பேச்செல்லாம் அதற்குப் பின். சபையில் உங்கள் வயதை ஒத்த, உங்களைப் போலவே குடும்பத்தில் தனியாக விசுவாசத்துக்கு வந்த ஒருவரை உங்கள் போதகர் மூலம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அறிவுரை சொல்பவர்கள் உங்களைச் சுற்றி ஏராளமாக இருக்கிறார்கள். கூட உட்கார்ந்து ஜெபிக்கும் ஒருவர் இல்லை என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது.

கடைசியாக, ஸ்டேட்டஸ். தானியேல் தம் பலகணிகள் திறந்திருக்க ஜெபித்தது முன்பிருந்தே அவருடைய வழக்கம். அந்த ஜெபத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்த பிறகு பயந்து மூடவும் இல்லை, வீம்புக்காகப் புதிதாக ஒன்றைத் திறக்கவும் இல்லை. உங்கள் ஸ்டேட்டஸின் கடந்த ஒரு மாதத்துப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். உங்களைத் தேற்றிய வசனங்கள் அப்படியே இருக்கட்டும். தங்கை சொன்னாலும் எடுக்க வேண்டியதில்லை. அப்பா பேசாமல் போன மறுநாள் காலையில் அவர் கண்ணில் படட்டும் என்று வைத்த வசனமும், மேலாளர் அவமானப்படுத்திய மாலையில் நியாயத்தீர்ப்பைப் பற்றி வைத்த வசனமும் இருந்தால், அவற்றை எடுத்துவிடுங்கள். அது மறுதலிப்பு ஆகாது. உங்கள் தங்கை இதில் எதைக் கண்டு எடுக்கச் சொன்னாள் என்று அவளிடமே கேளுங்கள். உங்கள் கடிதத்தில் வரும் வீட்டாரில் உங்களோடு இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பது அவள் ஒருத்திதான் என்று தோன்றுகிறது.